கல் செய்யும் பாக்டீரியா

அரியலூர் மாவட்டத்தில் செந்துறைக்கு அருகே நின்னியூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அப்பகுதிச் சுண்ணாம்புக் கல்லின் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள், நுரை பொங்கும். வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு. ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே இருந்த கடலில் கரைந்து கிடந்த வாயு அது. அதைக் கல்லில் பூட்டியதில் உயிரினங்களுக்குப் பெரும் பங்குண்டு. பெங்களூர்ப் பேராசிரியர் எல். ராமராவும் வியன்னா அறிஞர் ஜூலியஸ் பியாவும் இந்தக் கல்லில் புதைந்திருந்த பாசிகளை ஆராய்ந்து 1936ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பச்சைத் தாவரம் சுண்ணாம்பைத் தன்மேல் படியவைத்துக் கல்லாகிக் கிடந்தது!

கல் செய்ய அவ்வளவு பெரிய உயிர் தேவையில்லை. பெரம்பலூர்க் கரிசலை உழும்போது சுக்கான் கற்கள் புரண்டு வருவதைக் கண்டிருப்பீர்கள். மண்ணில் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து திரண்டவை அவை. தகுந்த சூழலில் சுண்ணாம்புப் படிகம் உண்டாக்குவது மண் பாக்டீரியாக்களுக்குப் பொதுவான இயல்பு என்று ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் மூவர் 1973இல் 'நேச்சர்' இதழில் எழுதினர்.

எப்படிச் செய்கின்றன? சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்னும் நொதி உண்டு. (ஜேம்ஸ் சம்னர் 1926இல் முதன்முதலாகப் படிகமாக்கிய நொதி இதுதான். இளமையில் ஒரு கையை இழந்தவர். ஒற்றைக் கையாலேயே அந்த வேலையைச் செய்து 1946இல் நோபல் பரிசும் பெற்றார்.) யூரியேஸ், யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பனேட்டாகவும் உடைக்கிறது. மண்நீர் காரத்தன்மை அடைகிறது. பாக்டீரியாவின் மேற்புறம் எதிர்மின் சுமை உடையதாதலால் கால்சியம் அயனிகள் அங்கே ஒட்டுகின்றன. கார்பனேட்டுடன் சேர்ந்து கால்சைட் படிகமாகின்றன. பாவம், பல வேளைகளில் பாக்டீரியா தான் கட்டிய கல்லுக்குள்ளேயே சமாதியாகிவிடுகிறது.

மாசுபட்ட மண்ணுக்கு இதனால் என்ன பயன்? கால்சியம் அயனியின் ஆரம் ஏறத்தாழ 1.00 ஆங்ஸ்ட்ராம், நச்சு உலோகமான காட்மியத்தின் ஆரம் 0.95. மின் சுமையும் ஒன்றே. ஆகவே படிகம் வளரும்போது கால்சியத்தின் இடத்தில் காட்மியம் எளிதில் அமர்ந்துவிடும். நீரில் கரைந்து கிணற்றுக்கு ஓடவேண்டிய நஞ்சு கல்லுக்குள் சிறைப்படுகிறது. அம்மோனியா மிஞ்சுவது இதிலுள்ள தொல்லை. அது நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரைக் கெடுக்கலாம்.

தமிழ்நாட்டில் இதைவிடக் கடினமான வழக்கு ஒன்று உண்டு. ராணிப்பேட்டையில் 1970களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டு மூடப்பட்டது. மூடி இருபது ஆண்டுகள் கழிந்தும் குவியல் அங்கேயே கிடந்தது. மழைநீர் மஞ்சளாக வடிந்தது. இங்கே குரோமியம் எதிர்மின் சுமையுள்ள குரோமேட் அயனியாக இருப்பதால் கால்சியத்தின் இடம் அதற்குப் பொருந்தாது.

வழி அந்த மண்ணிலேயே இருந்தது. நஞ்சில் வாழப் பழகிய பாக்டீரியாக்களை அங்கிருந்தே பிரித்தெடுத்தனர் சென்னை ஐ.ஐ.டி.யின் ஜெயசிங்கும் லிகி பிலிப்பும். ஆறு இணைதிறனுள்ள குரோமியத்தை இவை மூன்று இணைதிறனுக்கு ஒடுக்குகின்றன. அது எளிதில் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். கிராமுக்கு 5.6 மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்த மண்ணில் அது முழுவதையும் இருபது நாளில் மாற்றிக் காட்டினர். முடிவுகள் 2005இல் வெளியாயின. பாக்டீரியாவுக்கு உணவு, மொலாசஸ் எனப்படும் கரும்பாலைக் கழிவுப் பாகு; கிராம் மண்ணுக்கு 50 மில்லிகிராம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். அதே விகிதம் அந்தக் குவியலுக்கும் பொருந்தும் என்று கொண்டால், ஒன்றரை லட்சம் டன்னுக்கு 7,500 டன் பாகு வேண்டும். கிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஈர பாக்டீரியா 2,250 டன்! குவியலோ சாதாரண மண்ணைவிடப் பன்மடங்கு நஞ்சுடையது. வேலை முடிந்தாலும் குரோமியம் மண்ணைவிட்டுப் போவதில்லை. உருமாறி அங்கேயே இருக்கிறது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதை மீண்டும் ஆறு இணைதிறனுக்கு ஆக்சிஜனேற்றம் செய்யவல்லவை. ஆகையால் மண்ணைத் திருத்திய பின்னும் சுற்றிலுமுள்ள கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும்.