செங்காந்தள்

செங்காந்தள், நஞ்சும் மருந்தும் வழிபாடும் ஒரே கிழங்கில் கூடிய கொடி. தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுபெர்பா. 1753-இல் லின்னேயசு இட்ட பெயர். முன்பு அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது, இப்போது கோல்ச்சிகேசியே குடும்பத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே; சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

இதற்குப் பெயர்கள் ஏராளம். கிழங்கு இரு கவையாகப் பிரிந்து ஏர்போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. வடமொழியின் இலாங்கலியும் ஏரைக் குறித்த சொல்தான். இலையின் நுனி சுருண்டு அருகிலுள்ள குச்சியைப் பற்றிக்கொள்வதால் தலைச்சுருளி. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ. பூவை உற்றுப் பார்த்தால் கண்நோவு வரும் என்று சிறுவர்களை விரட்டும் நம்பிக்கையிலிருந்து கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு. அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம், ஜெயங்கொண்டம் பக்கத்து உழவரோடு பேச இந்தக் கடைசிப் பெயர்தான் உதவும். காந்தள் ஏட்டுப் பெயராகிவிட்டது.

அந்த ஏட்டுப் பெயரின் வரலாறு பெரிது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். மகளிர் விரலுக்கு அதன் இதழையும், மலைச்சாரலில் தெறித்த குருதிக்கு அதன் நிறத்தையும் சங்கப் புலவர்கள் ஒப்பிட்டார்கள். ஆனால் காந்தளின் உண்மையான இடம் வெறியாட்டுக் களம். தலைவி மெலிகிறாள், காதல் நோய் என்று தோழிக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. முருகு அணங்கியது என்று எண்ணி, முருக பூசாரியான வேலனைத் தாய் வரவழைக்கிறாள். அவன் கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறான், மறி அறுக்கிறான், தெய்வம் ஏறி ஆடுகிறான். தொல்காப்பியப் புறத்திணையியல் இந்த ஆட்டத்துக்கான துறையையே ‘காந்தள்’ என்று பெயரிட்டு அழைக்கிறது. வேலன் காந்தள் சூடி ஆடியதே அப்பெயருக்குக் காரணம்.

திருமுருகாற்றுப்படையில் முருகனும் காந்தள் கண்ணி சூடியே வருகிறான். அந்தப் பூவை வண்டு மொய்ப்பதில்லை என்கிறது அந்நூல். தெய்வத்துக்கு உரிய பூ என்பதால் வண்டும் விலகுகிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வயலில் இந்தக் கொடியைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி வேறொரு நினைவையும் தரும். அது கீழே வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலன் காந்தளைச் சூடினான். தின்னவில்லை, கரைத்துக் குடிக்கவும் இல்லை. பிற்கால வழக்கங்களும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே நின்றன. பாம்பு அண்டாது என்று கிழங்கை வாசலிலும் சன்னலிலும் வைத்தார்கள். பேறு தாமதமானால் அரைத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பூசி, பிள்ளை பிறந்ததும் கழுவினார்கள். (கருவைச் சிதைப்பது என்ற பொருளில் வடமொழி மருத்துவ நூல்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கின்றன, பூச்சும்கூட ஆபத்தில்லாதது அல்ல.) மாந்திரீக மூலிகை எடுப்போர் செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லி, இரும்பு படாமல் மரக்குச்சியால் கெல்லி எடுப்பது வழக்கம். அந்தச் சடங்கின் பலன் எதுவானாலும், நச்சுச் செடியைப் போகிற போக்கில் யாரும் பிடுங்கிவிடாமல் அது காத்தது.

சித்த மருத்துவர்கள் கிழங்கைச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மீண்டும் ஊறவைப்பார்கள். இது நாட்கணக்கில் நடக்கும். ஆயுர்வேதம் கோமூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. இது தேர்ந்த மருத்துவரின் வேலை. வீட்டில் செய்து பார்க்கக் கூடாதது.

நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். கிழங்கிலும் விதையிலும் மிகுதி, செடியின் மற்றப் பகுதிகளிலும் உண்டு. உயிரணு பிரியும்போது உள்ளே உருவாகும் நுண்குழல்களை இது குலைக்கிறது. அதனால் வேகமாகப் பெருகும் அணுக்கள் உள்ள குடலும் எலும்பு மச்சையும் முதலில் அடிபடுகின்றன. உண்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். நடுவில் தணிந்ததுபோலத் தோன்றி, பிறகு இரத்த அணுக்கள் சரியும். பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டுகிறது. முறிமருந்து என்று தனியாக எதுவும் வழக்கத்தில் இல்லை. எனவே வாயில் பட்டது தெரிந்ததும், அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரைவள்ளி என்று தவறாக எண்ணி வேகவைத்துத் தின்றவர்கள் இலங்கையில் இருந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

அதே கோல்ச்சிசின்தான் கீல்வாதத்துக்கு மருந்து. அதற்காகவே விதை ஏற்றுமதியாகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம், ஜெயங்கொண்டம் ஆகியவை சாகுபடி நடக்கும் வட்டாரங்கள். நீர் தேங்காத செம்மண்ணில், ஆனி ஆடியில் கிழங்கு நடுகிறார்கள். கவையின் நுனியிலுள்ள முளை ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண்; ஆகவே குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்த வேண்டும். கொடி ஏற முள்கிளுவையோ கம்பிப் பந்தலோ வேண்டும்.

பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நெருப்பாகச் சிவந்து சில நாளில் வாடும். அதன் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி வெளியே நீண்டிருக்கும். மகரந்தத்தில் புரளும் பூச்சி சூல்முடியைத் தொடுவதே அரிது. அதனால் காலை எட்டு மணி முதல் பதினோரு மணிக்குள் ஒவ்வொரு பூவாகப் பிடித்து, வேறொரு பூவின் மகரந்தத்தைக் கையால் தடவுகிறார்கள். வண்டு செய்யாத வேலையை இங்கே பெண்களின் விரல்கள் செய்கின்றன. நட்ட ஆறு மாதத்துக்குள் காய் முற்றும். ஏக்கருக்கு 200 கிலோ விதை நல்ல விளைச்சல்.

கிழங்கு வெட்டுவோரும் விதை உடைப்போரும் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விதைக் கிழங்கை வீட்டுக் கிழங்குகளோடு ஒரே சாக்கில், ஒரே அறையில் வைக்கக் கூடாது. உலரும் ஆரஞ்சு நிற விதைகள் குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும். களத்துக்கு அடைப்பும் ஆளும் தேவை.

இன்று விதையின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது. காட்டுச் செடி குறைந்துவருகிறது.