எழுத்துக் கூலி: வை.மு.கோதைநாயகியும் ‘ஜகன்மோகினி’யும்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலையை யார் நெய்தது என்று கேட்டால், தறியில் உட்கார்ந்தவரின் பெயரைத்தான் சொல்வார்கள். நூலைப் பிரித்தவர், தார் சுற்றியவர், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடித்தவர், கோர்வைச் சேலைக்கு ஓரத்து நாடாவைத் தள்ளிக்கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பதிலில் வராது. அவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டுப் பெண்கள். கூலி சேலைக்குத்தான் கிடைக்கிறது. சேலை முடிந்தால் கூலி, முடியாவிட்டால் கூலி இல்லை. வாங்கிய முன்பணம் மட்டும் கணக்கில் நிற்கும். வீடே தொழிற்கூடமாக இருப்பதால், எங்கே வீட்டு வேலை முடிகிறது, எங்கே தொழில் தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

எழுதிப் பிழைக்க முயன்ற பெண்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தறிவீடு நினைவுக்கு வரும். காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த நீர்வளூரில் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த ஒப்புமையை இன்னும் உறுதியாக்குகிறது. அவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். 115 நாவல்கள் எழுதியவர். ஒரு மாத இதழை ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தியவர். அவரை ‘நாவல் ராணி’ என்று கொண்டாடும் பக்கங்கள் நிறைய உண்டு. அந்தப் பட்டத்துக்கு அவர் கொடுத்த விலையைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

சிறுவயதிலேயே தாயை இழந்தவர் கோதைநாயகி. ஐந்தரை வயதில், 1907-இல், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு.பார்த்தசாரதிக்கு மணம் செய்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த குழந்தைகளுக்குக் கதை சொல்வதில்தான் அவருடைய கற்பனை முதலில் வெளிப்பட்டது. கணவர் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். நாடகம் எழுதும் ஆசை பிறந்தது. ஆனால் சரளமாகத் தமிழ் எழுதப் பழகியிருக்கவில்லை. அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924-இல் ‘இந்திர மோகனா’ நாடகம் அச்சேறியது. தமிழில் மிக அதிகமாக எழுதிய ஒரு பெண்ணின் முதல் நூல் இன்னொரு பெண்ணின் கையெழுத்தில் உருவானது என்பதை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். தார் சுற்றிக் கொடுத்தவரின் பெயர் இங்கே அபூர்வமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மறு ஆண்டே, 1925-இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை அவர் ஏற்று நடத்தத் தொடங்கினார். அவருடைய முதல் நாவலான ‘வைதேகி’ அதில் தொடராக வந்தது.

பெண்களுக்கான இதழ்கள் அதற்கு முன்பும் தமிழில் இருந்தன. 1883-இல் ‘சுகுணபோதினி’ வந்தது. 1905-இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியார் ஆசிரியராக இருந்தார். அவற்றில் பல, பெண்களுக்கு அறிவுரை சொல்ல ஆண்கள் நடத்தியவை. ‘ஜகன்மோகினி’யில் எழுதுபவரும் பெண், ஆசிரியரும் பெண், லாப நட்டத்துக்குப் பொறுப்பாளியும் பெண். எழுத்தை ஒரு பெண் தன் தொழிலாக அறிவித்துக்கொண்டது அந்தக் காலத்துக்குப் புதிது. சிக்கல் தொடங்கியதும் அங்கேதான்.

மாத இதழின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்டுச் சந்தா முன்கூட்டியே வரும் பணம். அதை வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு இதழ்கள் கொடுக்க ஆசிரியர் கடன்பட்டவராகிறார். நெசவாளியின் முன்பணம் போலத்தான். தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் தபால்தலைக்கும் பணம் உடனே போய்விடும். வி.பி.பி.யில் அனுப்பிய பிரதி வாங்கப்படாமல் திரும்பினால் தபால் செலவும் நட்டம். முகவர்களின் பாக்கி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ‘சந்தா பாக்கியைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்’ என்ற வேண்டுகோளை அக்காலத்துத் தமிழ் இதழ்கள் பலவற்றில் காணலாம். வாசகர் விலகிப் போகாமலிருக்கக் கதை அடுத்த மாதமும் தொடர வேண்டும். ஆகவே எழுத்தாளர் ஓய்வெடுக்க முடியாது. காய்ச்சல், பிரசவம், சாவு, கல்யாணம் எது வந்தாலும் இதழின் தேதி தள்ளிப் போகாது. மாதம் ஓர் இதழ் என்று 35 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் எண்ணிக்கை நானூறைத் தாண்டும். 115 நாவல்களை அதே ஆண்டுகளால் வகுத்தால், ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் வருகிறது.

அதே காலத்தில் ஆண்கள் நடத்திய இதழ்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1926-இல் பூதூர் வைத்தியநாத ஐயர் தொடங்கிய ‘ஆனந்த விகட’னை 1928-இல் எஸ்.எஸ்.வாசன் வாங்கினார். விளம்பரத் தொழிலை அறிந்தவர் அவர். குறுக்கெழுத்துப் போட்டி, விளம்பர வருமானம், சம்பளத்துக்கு எழுதும் ஆசிரியர் குழு என்று இதழை ஒரு நிறுவனமாக மாற்றினார். அங்கே எழுத்தாளர் ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் எழுதுவார். 1941-இல் தொடங்கிய ‘கல்கி’யின் கதை இன்னும் சுவையானது. அந்த இதழுக்கு முதலீடு திரட்டத்தான் எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடத்தில் நடித்தார். ஒரு பெண் பாடியும் நடித்தும் ஈட்டிய பணம் ஓர் இதழுக்கு அடித்தளமானது. இதழின் பெயரோ அதன் ஆசிரியரின் புனைபெயர். பெண்ணின் உழைப்பு ஆணின் இதழுக்கு முதலாக முடிந்தது. கோதைநாயகிக்கு அப்படி முதல் போட்டுத் தாங்க யாரும் வரவில்லை. அவர் எழுதிய அடுத்த அத்தியாயம்தான் அவருடைய முதல்.

இரண்டாவது விலை, பெயரின் மீது விழுந்த சந்தேகம். பள்ளி செல்லாத பெண் இவ்வளவு எழுத முடியுமா, வேறு யாரோ எழுதித் தருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. குடும்பப் பெண் கதை எழுதி விற்பதா என்ற வசையும் சேர்ந்தது. வசையாவது எல்லோரும் வாங்குவது. சந்தேகமோ எழுத்தை மட்டுமல்லாமல் பிழைப்பையும் தாக்கும். பெயரை நம்பித்தான் சந்தா வருகிறது. இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு பெண் தரக்கூடிய ஒரே பதில், இன்னும் எழுதிக்காட்டுவது. எழுதிக் குவித்தபோது, குவிக்கிறாரே என்ற அடுத்த குற்றச்சாட்டு தயாராக இருந்தது.

மூன்றாவது விலை, ஓய்வில்லாமை. காந்தியத்தில் ஈடுபட்டுக் கதர் உடுத்தி மேடைகளில் பேசியவர் கோதைநாயகி. கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் கலந்துகொண்டு 1930-களின் தொடக்கத்தில் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் இருந்தபோது ‘உத்தமசீலன்’ நாவலை எழுதினார். சிறையிலும் எழுதினார் என்று இதை வீரக்கதையாகச் சொல்வது வழக்கம். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிறைக்குப் போனாலும் தொடர்கதை நிற்கக்கூடாத ஒரு தொழில், அதைச் செய்பவரை எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்பதும் அதே செய்தியில் இருக்கிறது. இதழை நிறுத்தாமல் வெளியே பார்த்துக்கொள்ளக் கணவர் இருந்தார். அந்த ஆதரவு உண்மையானது. அன்றைய பெண்களில் மிகச் சிலருக்கே வாய்த்தது. ஒரு பெண்ணின் தொழில் கணவரின் நல்லெண்ணத்தில் நிலைகொண்டிருந்தால், அந்த நல்லெண்ணம் கிடைக்காத மற்றப் பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். அவர்களின் பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை.

பிறகு போர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையை விட்டு மக்கள் வெளியேறினார்கள். கோதைநாயகியின் குடும்பம் சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போனது. காகிதம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தாள் கிடைக்காதபோது பெரிய இதழ்கள் பக்கத்தைக் குறைத்துச் சமாளித்தன. ஒரே ஆளின் எழுத்தில் நிற்கும் இதழுக்குக் குறைக்கவும் அதிகம் இருக்காது. ‘ஜகன்மோகினி’ அதையும் தாண்டி நடந்தது.

எழுத்தால் பிழைப்பது ஆண்களுக்கு எளிதாக இருந்ததா என்று கேட்கலாம். இல்லை. பாரதியார் வறுமையில் வாழ்ந்தார். புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்ற சொத்து எதுவும் இல்லை. 1930-களில் இலக்கிய இதழாக எழுந்த ‘மணிக்கொடி’யும் நீண்ட காலம் நிற்கவில்லை. ஆனாலும் அந்த வறுமைக்குத் தமிழில் ஒரு மரியாதை கிடைத்தது. கலைக்காக வாடியவர் என்று ஆணைச் சொன்னோம். இதழ் நடக்க வேண்டும் என்பதற்காக எழுதிய பெண்ணை வணிக எழுத்தாளர் என்று ஒதுக்கினோம். காஞ்சிபுரத்திலிருந்தே வந்த இன்னொரு இதழையும் நினைத்துக்கொள்ளலாம். 1942-இல் அண்ணா அங்கே ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். அதற்கும் பணமுடை உண்டு, வழக்கும் உண்டு. ஆனால் அதன் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. இதழை வாங்குவதே இயக்கப் பணி என்று நினைத்த வாசகர்கள் இருந்தார்கள். ‘ஜகன்மோகினி’யின் வாசகிகளில் பலர் சந்தாப் பணத்தைத் தாங்களே எடுத்துக் கொடுக்கும் நிலையில் இல்லாதவர்கள். வீட்டு ஆண் சம்மதித்தால்தான் சந்தா. எழுதுபவளின் வருமானம் கடைசியில் முகம் தெரியாத ஆண்களின் சட்டைப்பையைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது.

இந்த நிலை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் மார்கரெட் ஆலிஃபன்ட் (1828–1897) கணவரை இழந்த பிறகு தன் பிள்ளைகளையும் அண்ணன் தம்பி குடும்பத்தையும் காப்பாற்ற நூறு நூல்களுக்கு மேல் எழுதினார். ஓய்வாக ஒரே நூலில் உழைத்திருந்தால் தன் எழுத்து எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. வர்ஜீனியா உல்ஃப் 1929-இல், எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்றார். அந்த 500 பவுண்டு, எழுதிச் சம்பாதிக்கும் பணமல்ல. எழுதாத நாளிலும் வரும் பணம் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எழுத்தே சோறு போட வேண்டும் என்றால் நிலைமை வேறு. அப்போது எதை எழுதுவது என்று தீர்மானிப்பதில் சோற்றுக்கும் ஒரு வாக்கு கிடைத்துவிடுகிறது.

கோதைநாயகியின் நாவல்களைப் படிப்பவர்கள் இதை உணரலாம். விதவை மறுமணம், வரதட்சிணை, மது, பெண்கல்வி என்று அன்றைய சங்கடமான பொருள்களை எல்லாம் அவர் தொட்டார். அதே நாவல்களில் திருப்பங்கள், மர்மங்கள், நல்லவருக்கு நன்மை வரும் முடிவுகள். சீர்திருத்தம் வாசகியை இழுக்க வேண்டும். வீட்டுப் பெரியவரை விரட்டக்கூடாது. இதைக் கலைக்குறை என்று விமர்சகர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தறியில் இருப்பவர், வாங்குபவர் கேட்ட நிறத்தில்தான் நெய்வார். தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலையைக்கூட நெய்து வைத்துக்கொள்ள அவரால் முடிவதில்லை. அவருடைய கைத்திறனை எடைபோடுகிறவர்கள் இதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

1956-இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்த இழப்பிலிருந்து அவர் மீளவில்லை. காசநோய் தாக்கியது. 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி தாம்பரம் மருத்துவமனையில் காலமானார். ‘ஜகன்மோகினி’யும் அவரோடு முடிந்தது. ‘விகட’னும் ‘கல்கி’யும் தங்கள் நிறுவனர்களுக்குப் பிறகும் நடந்தன, அவை நிறுவனங்கள். ‘ஜகன்மோகினி’ ஒரு பெண்ணின் உடம்பு. அந்த உடம்பு ஓய்ந்ததும் இதழ் ஓய்ந்தது. அவர் இறந்து ஆறாண்டு கழித்து, 1966-இல், அவருடைய கதையை வைத்து கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் ‘சித்தி’ படத்தை எடுத்தார். படம் நன்றாக ஓடியது. பார்த்தவர்களில் எத்தனை பேர் கதைக்குரியவரின் பெயரைக் கவனித்திருப்பார்கள்?

இன்று கைபேசியில் தினம் ஓர் அத்தியாயம் எழுதும் பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறார்கள். ஒரு நாள் விட்டால் வாசகர் போய்விடுவார் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. கூலி எவ்வளவு, எப்போது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அவர்களிடம் கோதைநாயகியை முன்னுதாரணமாகக் காட்டி, ‘பார், 115 நாவல்’ என்று சொல்பவர்கள், எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவர் எழுதாத நாளில் அந்த இதழைத் தாங்கியிருக்கக் கூடியது எது, அது ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தனித் தறி எவ்வளவு திறமையாக ஓடினாலும், நூலும் சந்தையும் வேறொருவர் கையில் இருக்கும்வரை கூலிதான் மிஞ்சும் என்று அவர்கள் கண்டார்கள். எழுதும் பெண்களுக்கு அப்படி ஒரு சங்கம் இன்னும் அமையவில்லை.