ஜுனாகத் வாக்கெடுப்பும் அழைத்தவர் உரிமையும்

கிர்நார் மலை ஏறப் போகும் நம் தமிழ்க் குடும்பங்கள் கீழே ஜுனாகத் ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு வண்டி ஏறிவிடுவது வழக்கம். வியாபார விஷயமாக அங்கே பலமுறை போன நானும் அப்படித்தான் இருந்தேன். எந்த நாட்டில் இருப்பது என்று ஓட்டுப் போட்ட ஊர் அது என்பது எனக்கு வெகு காலம் தெரியாது.

1947-இல் வெள்ளையர் வெளியேறியபோது சமஸ்தானங்கள் மீதிருந்த அவர்கள் மேலாதிக்கமும் முடிந்தது. இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடும் உரிமை மன்னருக்கே. குடிகளைக் கேள் என்று சட்டம் சொல்லவில்லை. நவாப் மகாபத் கான் பாகிஸ்தானுடன் சேர்ந்தார். செப்டம்பரில் அவர்களும் ஏற்றார்கள். குடிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்துக்கள். பாகிஸ்தானுக்குத் தரைவழியே கிடையாது, கடல்தான். மக்களைக் கேட்போம் என்று இந்தியா அப்போதே சொல்லிப் பார்த்தது.

செப்டம்பர் 25 அன்று பம்பாயில் சாமளதாஸ் காந்தி தலைமையில் 'ஆர்ஜி ஹகூமத்' என்ற தற்காலிக அரசு அமைந்தது. நவாப் கராச்சிக்குப் போய்விட்டார். நிர்வாகம் தள்ளாடவே, திவான் ஷா நவாஸ் பூட்டோ (பின்னாள் பிரதமர் பூட்டோவின் தகப்பனார்) பொறுப்பை ஏற்கும்படி இந்தியாவைக் கேட்டார். நவம்பர் 9-இல் இந்தியா உள்ளே வந்தது. எங்களோடு சேர்ந்த சமஸ்தானத்தில் திவான் யார் இப்படிப் பேச என்று பாகிஸ்தான் கேட்டது. கேள்வி சட்டப்படி லேசானதல்ல.

1948 பிப்ரவரி 20-இல் வாக்கெடுப்பு. பட்டியலில் 2,01,457 பேர்; ஓட்டுப் போட்டவர்கள் 1,90,870; பாகிஸ்தானுக்கு விழுந்தது 91. இந்தியாவா பாகிஸ்தானா, இரண்டே கேள்விதான். தனியாக இருக்கிறோம் என்று சொல்ல இடமில்லை.

கடைக்காரன் புத்தியோடு பார்த்தால், எடை சரி, ஆனால் தராசு ஒருவர் கையில். 1947 ஜூலையில் சில்ஹெட்டில் நடந்த வாக்கெடுப்பு, காங்கிரசும் லீகும் ஒப்புக்கொண்ட ஜூன் 3 திட்டத்தின்படி நடந்தது. இங்கே அழைத்தது இந்தியா, ஊரில் இருந்ததும் இந்தியப் படை. ஸ்காட்லாந்தில் 2014-இல் லண்டன் சம்மதித்ததால் ஓட்டு நடந்தது. அடுத்ததற்கு அவர்கள் நாடாளுமன்றம் தானே சட்டம் போட முடியாதென்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அளவுகோலை ஜுனாகத்தில் வைத்தால், கேட்க உரிமையுள்ளவர் நவாப் ஒருவரே. அவரோ கேட்கவே இல்லை! அதனால்தான் அழைத்த முறையில் குறை கண்டாலும், அந்த ஓட்டை நான் தள்ள மாட்டேன்.

பாகிஸ்தான் ஒப்பவில்லை, ஐ.நா. பாதுகாப்பு சபைவரை போனது. 2020-இல் அவர்கள் வெளியிட்ட வரைபடத்திலும் ஜுனாகத் அவர்கள் பக்கம்தான்.