வான நூல் வல்ல பிளெமிங் அம்மையார்

பேரேட்டில் எண் எழுதிக் காலங் கழிப்போரை அறிவாளர் வரிசையில் வைத்தெண்ணும் வழக்கம் உலகில் எங்கும் இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நாம் இதனை நன்கறிவோம். இராக்கண் விழித்து நாம் தயாரித்த ஆண்டுக் கணக்கு மேலிடத்துக்குச் செல்லுங்கால், அதன் அடியில் நிற்கும் கையெழுத்து நம்முடையதாயிருப்பதில்லை. அதுகுறித்து மனம் நோவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. ஆயினும், ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் உழைத்து, 1911-ம் ஆண்டில் மறைந்த ஒரு மாதரசியின் வரலாற்றை அண்மையில் படித்தபோது, பழைய நோவு மீண்டும் தலைதூக்கிற்று. அவரும் கணக்கெழுதியவரே. நாம் பால் அளவும் கூலி நாளும் பதிவதுபோல, அவர் பதினாயிரம் விண்மீன்களைப் பதிந்தார். நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் கலிலியோ, நியூட்டன், ஹெர்ஷல் என்ற பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வித்தார்கள். வில்லியமினா பிளெமிங் என்னும் பெயர் எந்த ஆசிரியர் வாயிலும் வந்ததில்லை.

அம்மையார் 1857-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி டண்டி நகரில் பிறந்தார். தந்தையார் மரச்சட்டங்களைச் செதுக்கிப் பொன்முலாம் பூசும் தொழிலாளர். பெண்ணுக்கு ஏழு வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். பதினான்கு வயதில் அம்மையார் தாம் படித்துக்கொண்டே சிறுவர்க்குப் பாடஞ் சொல்லும் உபாத்தினியானார். 1877-ல் ஜேம்ஸ் பிளெமிங் என்பவரை மணந்து, அடுத்த ஆண்டில் கணவருடன் கப்பலேறிப் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். அங்கே கர்ப்பவதியாயிருந்த மனைவியைக் கைவிட்டு அக்கணவர் அகன்றார். அந்நிய நாட்டில் ஆதரவற்ற பெண்ணொருத்திக்கு அக்காலத்தில் கிடைக்கக்கூடிய வேலை யாது? வீட்டு வேலைதான். அவர் வேலைக்கமர்ந்த வீடு, ஹார்வர்ட் சர்வகலாசாலையின் வானாராய்ச்சிசாலைத் தலைவரான எட்வர்ட் பிக்கரிங் என்பவருடையது.

இங்கே ஒரு கதை வழங்குகிறது. பிக்கரிங் துரை தம் உதவியாளரின் கவனக்குறைவால் சினங்கொண்டு, தம் வீட்டு வேலைக்காரி இதனினும் நன்றாகச் செய்வாள் என்று கூறி, அம்மையாரை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தினார் என்பர். கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் இக்கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வோர், பதினான்கு வயது முதற்கொண்டே பாடஞ் சொன்ன ஓர் ஆசிரியை அவ்வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அறிவு திடீரென்று வந்து அவரை ஆட்கொள்ளவில்லை. இருந்த அறிவு அடுக்களையில் அடைபட்டுக் கிடந்தது, அவ்வளவே. 1879-ல் தாய்நாடு சென்று மகனைப் பெற்றெடுத்து, அக்குழந்தைக்குப் பிக்கரிங் துரையின் பெயரையே இட்டு, 1881-ல் திரும்பி வந்து ஆராய்ச்சிசாலையில் நிலையான உத்தியோகம் ஏற்றார்.

நிற்க. அங்கே நடந்த வேலை இன்னதென்று அறியாவிடின் அம்மையாரின் பெருமை விளங்காது. விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாகச் செலுத்தினால் அது வானவில்லைப்போல் நிறமாலையாக விரியும். அதன் குறுக்கே கருங்கோடுகள் தோன்றும். அக்கோடுகள் அம்மீனில் உள்ள பொருள்களைப் பற்றிச் செய்தி கூறுவன. ஹென்றி டிரேப்பர் என்னும் வைத்தியர் 1872-ல் இக்கோடுகளைப் புகைப்படத்தில் பிடித்தார். அவர் 1882-ல் இறக்கவே, அவருடைய மனைவியார் கணவர் நினைவாக 1886-ல் ஹார்வர்ட் ஆராய்ச்சிசாலைக்குப் பொருளுதவி புரியலானார். 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றின் முகப்பில் முப்பட்டைக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். அதனால் ஒரே கண்ணாடித் தகட்டில் பல மீன்களின் நிறமாலைகள் ஒருங்கே பதிந்தன. இரவில் ஆடவர் படம் பிடிப்பர். பகலில் அத்தகடுகளைச் சாய்ந்த மரச்சட்டத்தில் வைத்து, கீழிருந்து ஒளி பாயச் செய்து, பூதக்கண்ணாடியால் நோக்கிப் பெண்கள் எண்ணுவர். ஒருத்தி சொல்ல மற்றொருத்தி எழுதுவாள். கூலி மணிக்கு 25 காசு அளவில் இருந்தது. கண்ணைக் கெடுக்கும் வேலை இது. இப்பெண்களை வேலைக்கெடுப்பதும், பழக்குவதும், மேற்பார்ப்பதும் அம்மையார் பொறுப்பாயின.

மீன்களை வகைப்படுத்த அதுவரை இருந்த நாலைந்து பிரிவுகள் போதவில்லை. அம்மையார் ஹைட்ரஜன் கோடுகளின் வலிமையை முதன்மையாகக் கொண்டு, ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்துத் தொட்டுப் பதினாறு வகைகளாகப் பிரித்தார். 1890-ல் 10,351 மீன்களின் பட்டியல் அச்சாயிற்று. நூலின் முகப்பில் நின்ற பெயர் பிக்கரிங். முன்னுரையில்தான் அளந்ததும் வகுத்ததும் அச்சுக்கு ஒழுங்கு செய்ததும் பிளெமிங் அம்மையார் பொறுப்பில் நடந்தன என்ற செய்தி இருந்தது. பின்னர் ஆனி கேனன் அம்மையார் அவ்வெழுத்துக்களில் சிலவற்றை நீக்கி, எஞ்சியவற்றை இடம் மாற்றி அமைத்தார். அவ்வரிசை வெப்பநிலையின் வரிசையே என்பதற்குக் காரணங் காட்டியது, 1920-ல் கல்கத்தாவிலிருந்த மேகநாத சாகா வெளியிட்ட கொள்கை.

1888-ல் எடுத்த தகடு ஒன்றைச் சோதிக்குங்கால் அம்மையார் ஒரு விந்தை கண்டார். ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சையில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுள் கீழ்த்திசை மீனுக்குத் தெற்கே, ஒளிமுகிலின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு கருமை கடித்தெடுத்தாற்போல் இருந்தது. இன்று குதிரைத்தலை நெபுலா என்று உலகெங்கும் படம் போட்டுக் கொண்டாடப்படுவது இதுவே. வான நூற் பட்டியல் தொகுத்த டிரையர் என்னும் அறிஞர் 1895-ல் இதுபோன்ற ஹார்வர்ட் கண்டுபிடிப்புக்களை எல்லாம் பிக்கரிங் பெயரிலேயே குறித்தார். அவருடைய அடுத்த பட்டியல் 1908-ல் வெளிவந்தபோதுதான் அம்மையாரின் பெயர் உரிய இடம் பெற்றது. பத்து நோவாக்கள், முந்நூற்றுக்கு மேற்பட்ட ஒளி மாறும் மீன்கள், 59 ஒளிமுகில்கள் ஆகியவை அவர் கண்ணுக்குப் புலப்பட்டவை.

1899-ல் சர்வகலாசாலை அவரைப் புகைப்படத் தகடுகளின் காப்பாளராக நியமித்தது. ஹார்வர்ட் நிர்வாகக் குழுவினரிடம் இத்தகைய பதவி பெற்ற முதற் பெண் அவரே. அதற்கடுத்த ஆண்டில், வருங்காலத்தார் திறந்து பார்ப்பதற்கென ஒரு பெட்டியில் வைக்க, அங்குள்ளோர் பலர் தத்தம் நாட்குறிப்பை எழுதினர். அம்மையாரும் எழுதினார். அக்குறிப்பைப் படிக்கும் எவரும் நெஞ்சம் கலங்காமலிருக்க முடியாது. ஆண்டுக்கு அவர் பெற்றது 1,500 அமெரிக்க வெள்ளி. உடன் வேலை பார்த்த ஆடவர் சிலர் பெற்றது 2,500. சம்பளத்தைப் பற்றிப் பேசப்போனால், பெண்கள் வாங்கும் சம்பளத்தை நோக்க அவருடையது மிக நல்ல சம்பளம் என்று தலைவர் விடையளித்தாராம். தமக்கும் நடத்த ஒரு வீடும், காக்க ஒரு குடும்பமும் ஆடவரைப் போலவே உண்டென்பது அவர் நினைவில் இல்லையா என்று அம்மையார் கேட்கிறார். மகன் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வேலையை விட்டு விலகி, அதே வேலையை வேறொருவர் செய்யட்டும், அப்போது அதன் அருமை தெரியும் என்று சில வேளைகளில் தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறார். இன்னொரு குறையும் உண்டு: தம் சொந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பிறர் எழுதியவற்றை அச்சுக்குச் சீர்செய்வதிலேயே பொழுதெல்லாம் போய்விடுகிறதென்பது. இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே உலாவி வந்தோம்.

பிக்கரிங் துரையைத் தீயவரென்று சொல்ல நாம் துணியோம். மற்ற இடங்கள் பெண்களுக்குக் கதவடைத்த காலத்தில் அவர் கதவைத் திறந்தார். ஆனால் கதவைத் திறந்ததற்குரிய நன்றியைச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1906-ல் இலண்டன் இராஜாங்க வான நூற் சங்கம் அம்மையாரைக் கௌரவ அங்கத்தினராக்கியது. அச்சங்கம் பெண்களை முறையான அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது 1916-ல்தான். 1910-ல் ரசல் என்னும் அறிஞர் எரிடானஸ் கூட்டத்தில் உள்ள மிக மங்கலான துணைமீன் ஒன்றின் வகை யாதெனப் பிக்கரிங்கை வினவ, அவர் உடனே தொலைபேசியில் பிளெமிங் அம்மையாரைக் கேட்டார். சிறிது நேரத்தில் தகட்டைப் பார்த்து வந்த விடை அனைவரையும் திகைக்கச் செய்தது. மங்கலான மீன் சிவந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இதுவோ வெண்மீன்களின் வகையாயிருந்தது. இவ்வகை மீன்கள் பின்னர் வெண்குள்ளன் எனப் பெயர் பெற்றன. சூரியனொத்த எடை பூமியளவாகச் சுருங்கிய உடல்கள் அவை. அதே 1910-ல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் அமர்ந்து, அத்தகைய மீன்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்கிட்டார்.

1911 மே 21-ந் தேதி நுரையீரல் சுரத்தால் அம்மையார் காலமானார். அவர் இடத்தில் ஆனி கேனனை அதே பதவிப் பெயருடன் நியமிக்குமாறு பிக்கரிங் வேண்டினார். சர்வகலாசாலைத் தலைவர் லோவல் மறுத்தார். பிளெமிங் அம்மையாருக்குத் தந்ததே முறைக்கு மாறானது, அதை வழக்கமாக்குதல் தகாது என்பது அவர் கருத்து. கேனன் வேலையை மட்டும் ஏற்று, 225,300 மீன்களை வகைப்படுத்தி முடித்தார். முறையான நியமனம் 1938-ல் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 74.

தகடுகள் ஹார்வர்டில் இன்றும் உள்ளன. அவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவை அண்மையில் கணினியில் படமாக்கப்பட்டன. தெளிவாகப் படம் விழவேண்டுமென்று, கண்ணாடியின் மேல் அப்பெண்கள் மையால் இட்ட வட்டங்களையும் அம்புக்குறிகளையும் எண்களையும் முதலில் தனியாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் துடைத்தெடுத்தார்கள். வரலாற்றுச் சிறப்புடையவை எனக் கண்ட சில தகடுகளை மட்டும் மையோடு அப்படியே விட்டுவைத்தார்கள்.