கோணிப்பைக்குள் போன அப்பா

நம் கோவளத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கதையில் பீரங்கிச் சத்தமே கிடையாது. 1750-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நம் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டது. கப்பலில் பாதிப்பேர் நோயில் செத்துவிட்டார்கள், மீதிப்பேரையாவது கரையில் இறக்கிக் காப்பாற்றுங்கள் என்று கோட்டைக்காரர்களிடம் கெஞ்சினார்கள். கோட்டைத் தலைவரும் இரங்கினார், நல்ல காசு வரும் என்ற எண்ணமும் இருந்தது. எலும்பும் தோலுமாக சுமார் 30 பேர் இறங்கினார்கள். உடைக்குள் ஆயுதம் இருந்தது. இரவில் எழுந்து காவலர்களை மடக்கிக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் ஓர்ம் தம் வரலாற்று நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். 1752-இல் கிளைவ் வந்து கோட்டையை மீட்டு, பிறகு அது தகர்க்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவன் ஸ்காப்பேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு அவன் அடுத்த வீட்டுப் பையன் மாதிரி. மொலியேர் எழுதிய நாடகத்தின் வேலைக்காரன். பொய் சொல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காது அவனுக்கு. எங்கள் முசியே வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டி அவனைப் போலவே நடித்துக் காட்டுவார்.

1671 மே 24-இல் பாரிஸில் முதலில் மேடையேறிய நாடகம் அது. ஸ்காப்பேனாக மொலியேரே நடித்தார். கதை நேப்பிள்ஸ் நகரத்தில் நடக்கிறது. அப்பா ஆர்கான்த் வெளியூர் போயிருந்த நேரத்தில் மகன் ஒக்தாவ், ஏழைப் பெண் ஒருத்தியை ரகசியமாக மணந்துகொள்கிறான். அப்பாவோ நண்பர் ஜெரோந்தின் மகளை அவனுக்கு நிச்சயம் செய்துவிட்டுத் திரும்பி வருகிறார். ஜெரோந்தின் மகன் லெயாந்தருக்கும் ஒரு காதல் உண்டு. நாடோடிக் கூட்டத்தில் வளரும் பெண் அவள். பணம் கொடுத்தால்தான் கூட்டத்தார் அவளை விடுவார்கள். இரண்டு பையன்களும் ஸ்காப்பேனின் காலில் விழுகிறார்கள்.

ஆர்கான்த் கோர்ட்டுக்குப் போய் மகன் கல்யாணத்தை ரத்து செய்யப் பார்க்கிறார். அவரிடம் ஸ்காப்பேன் வழக்குச் செலவை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். சம்மனுக்கு இவ்வளவு, பதிவுக்கு இவ்வளவு, வக்கீலுக்கு, குமாஸ்தாவுக்கு, நீதிபதியின் ஆளுக்கு என்று. நாற்பது வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அந்தப் பட்டியலில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஜெரோந்திடம் வேறு கதை: உங்கள் மகனைத் துருக்கியர் கப்பலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மீட்க 500 எக்யூ வேண்டும் என்கிறான். பிள்ளையைப் பற்றிய பயமும் காசைப் பற்றிய பயமும் கிழவரைப் பிய்த்து எடுக்கின்றன. கடைசியில் ஒளித்து வைக்கிறேன் என்று சொல்லி அவரைக் கோணிப்பைக்குள் போட்டு, எதிரிகள் வந்துவிட்டார்கள் என்று குரல் மாற்றிப் பேசி, அவனே அடி பின்னுகிறான்.

ஒரு பையன் அப்பாவுக்கு ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? அங்கே சட்டமே அப்படி இருந்தது. 1556-இல் அரசர் இரண்டாம் ஹென்றி போட்ட ஆணைப்படி, 30 வயதுக்குள் ஆணும் 25 வயதுக்குள் பெண்ணும் பெற்றோர் சம்மதமின்றி மணந்தால் சொத்துரிமை போய்விடும். மேடையில் ஜனங்கள் சிரித்தார்கள். அவரவர் வீட்டில் அதே ஆணைதான் நடந்தது.

கதையின் எலும்புக்கூடு மொலியேருடையது அல்ல. கி.மு. 161-இல் ரோமாபுரியில் தெரென்ஸ் எழுதிய ஃபோர்மியோ நாடகத்திலிருந்து எடுத்தது. தெரென்ஸ் அதை ஒரு கிரேக்க நாடகத்திலிருந்து எடுத்தார். அப்பா ஊரில் இல்லாத சமயம், ஏழைப் பெண், கெட்டிக்கார ஆள், ஏமாறும் கிழவர் எல்லாம் அப்போதே உண்டு.

அது நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. பம்மல் சம்பந்த முதலியார் அதைத் 'காளப்பன் கள்ளத்தனம்' என்று தமிழாக்கினார். ஸ்காப்பேன், காளப்பன் - பெயரிலேயே ஓசை ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள். நம் தாம்பரத்துப் பக்கம் பம்மலுக்கு அடிக்கடி போகிறவர்கள், அந்தப் பெயரைத் தாங்கிய இந்தப் பெரியவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். 1891-இல் பல்லாரியிலிருந்து வந்த ஒரு குழுவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நாடக ஆசை பிறந்தது. அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். நாடகக்காரனைக் 'கூத்தாடி' என்று இளக்காரமாகப் பேசிய காலம் அது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கே அரிதாரம் பூசினார்கள். பெண் வேஷமும் ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு அதில் பேர்போனவர். காதலிக்கும் பெண்ணாக மேடையில் நிற்க அப்போது குடும்பப் பெண்ணுக்கு வழி ஏது?

காதலுக்கு இடைஞ்சல் அப்பாதான் என்பது நம் பழைய நாடகங்களில் எப்போதும் இல்லை. பல்லவர் காலத்து மாமண்டூர்க் கல்வெட்டு, மத்தவிலாசத்தோடு சேர்த்து 'பகவதஜ்ஜுகம்' என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகத்தையும் சொல்கிறது. அதில் வசந்தசேனை என்ற கணிகை சோலையில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். யமதூதன் ஆள் மாறாட்டமாக அவள் உயிரை எடுத்துப் போகிறான். உண்மையில் எடுக்க வேண்டியது அதே பெயருள்ள வேறொருத்தியின் உயிரை. பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் எமலோகத்திலும் இதுதான் கதி! அதற்குள் ஒரு சந்நியாசி சீடனுக்குப் பாடம் காட்ட அவள் உடம்பில் புகுந்துவிடுகிறார். தவறு தெரிந்து திரும்பி வந்த தூதன், அவள் உயிரைச் சந்நியாசியின் உடம்பில் வைக்கிறான். காதலன் வந்தால் காதலி வேதாந்தம் பேசுகிறாள், சந்நியாசி கொஞ்சுகிறார். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் இந்தக் காதலுக்கு அப்பா தடை இல்லாததற்குக் காரணம், அவள் கணிகை. அவளை யாருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுப் பெண் காதலித்தால்தான் அப்பா தடியோடு மேடைக்கு வருகிறார்.

இனி ஸ்காப்பேன் நாடகத்தின் முடிவைப் பாருங்கள். ஒக்தாவ் மணந்த ஏழைப் பெண் ஜெரோந்தின் சொந்த மகளே என்று தெரிகிறது. அப்பா நிச்சயித்த பெண்ணும் அவளேதான். நாடோடிப் பெண்ணோ, நாலு வயதில் தொலைந்துபோன ஆர்கான்தின் மகள். கைவளை ஒன்று சாட்சி. எல்லோருக்கும் சந்தோஷம். கிழவர்கள் போட்ட விதியில் ஒரு மயிரிழைகூட அறுபடவில்லை. பிள்ளைகள் மீறினார்கள், மீறவே இல்லை என்று கதை முடிகிறது. இரண்டாயிரம் வருஷமாக மேடை நமக்கு இந்தச் சமாதானத்தைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

1954-இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி மனு கொடுத்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். வேலையிலிருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் அப்படி ஓர் அறிவிப்பை நானே படி எடுத்தேன். வேறு வேறு சாதிப் பிள்ளைகள். பன்னிரண்டாம் நாள் பெண்ணின் தகப்பனார் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையைப் படித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போனார். முப்பது நாள் கழிந்து பையன் மட்டும் தனியாக வந்து பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். அவர்களுக்குக் கைவளை எதுவும் கிடைக்கவில்லை. 1967-இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணம் சட்டமான பிறகும், பேப்பரில் ஆணவக் கொலைச் செய்தி நின்றபாடில்லை.

சம்பந்த முதலியாரின் 'சபாபதி' வேறு வழியில் போகிறது. 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் படமாக எடுத்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம், டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்தது. அதில் கல்யாணத்தைப் பெற்றோரே முடித்துவிடுகிறார்கள். பாஸாகாத புருஷனைப் படிக்கவைத்துக் கரையேற்றுகிறாள் பெண்டாட்டி. அப்பாவை எதிர்க்காமல் காதலுக்கு இடம் தேடினால், அது கல்யாணத்துக்குப் பின்னால்தான் கிடைக்கும். நம் தலைமுறையில் பெரும்பாலோர் வாழ்ந்தது இந்தக் கதைதான். அதில் நல்லதும் இருந்தது, நான் மறுக்கவில்லை.

வகுப்பில் சிரித்தபோது நாங்கள் எல்லோரும் ஒக்தாவ் பக்கம். இப்போது இதைப் படிக்கும் நீங்களும் எழுதும் நானும் ஜெரோந்த் வயதுக்காரர்கள். பேரனோ பேத்தியோ வந்து, 'தாத்தா, ஒரு விஷயம்' என்று தயங்கி நிற்கும் நாள் நம் எல்லோர் வீட்டிலும் வரும். அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா என்று கேட்டு உட்காரவைத்து முழுதாகக் கேளுங்கள். வீட்டுக்குள் ஒரு காளப்பன் தேவைப்படும் நிலைமையைப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள்.