கடை மூடிற்று, வேட்கை மூடிற்றா?

1937, அக்டோபர் முதல் நாள். சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் சாத்தப்பட்டன. சென்னை மாகாணத்திலே மதுவிலக்கு முதன்முதல் காலடி வைத்த மாவட்டம் அது. ஓசூர் வட்டாரமும், எல்லையோரக் காட்டூராம் ஜவளகிரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே.

வருவாய் குறைந்தது, 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்து ஆட்சி ஈடு தேடிற்று. கருவூலத்தின் கணக்குக்கு விடை கிடைத்தது. குடித்துப் பழகியவனின் மூளைக்கு? அங்கேதான், தோழர்களே, வரலாறு நமக்குப் பாடம் புகட்டுகிறது!

சட்டத்துக்கு எல்லை உண்டு. எல்லைக் கல்லுக்கு அப்பால் மைசூர் அரசு. சென்னையின் சட்டம் அங்கே செல்லாது. கல்லைத் தாண்டக் கால்கள் போதும். அந்தக் கால்களை ஏவுவது எது? தலைவிதி என்பான் ஒருவன். முற்பிறப்பின் பாவம் என்பான் மற்றொருவன். மந்திரித்த கயிறு கட்டுவர். கட்டிய கையே கோப்பையையும் ஏந்தும்!

விடை கூறியது விதியல்ல, ஆராய்ச்சி. 1954-ல் கனடாவிலே ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் நுண்கம்பி பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் மின்துடிப்பு பாயும். அதன் சுவை கண்ட எலி, ஓயாமல் அழுத்திற்று! வேட்கையின் உறைவிடம் மூளை என்பது விளங்கலாயிற்று. 1956-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிவெறியை நோயென ஏற்றது.

மதுவும் கஞ்சாவும் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைப் பெருக்குகின்றன. பழகப் பழக மூளை மரத்து, மேலும் கேட்கிறது. ‘போதும்’ எனத் தடுக்கும் முன்மூளையோ ஏறத்தாழ 25 வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வேகம் உண்டு. தடுக்கும் ஆற்றல் இன்னும் முதிரவில்லை. அவனைப் ‘பாவி’ எனப் பழிப்பது பகுத்தறிவா?

நோய்க்கு வேண்டுவது மருத்துவம். மருத்துவர் கண்காணிப்பில் போதையினின்று விடுவிப்பு. தூண்டும் சூழலை இனங்கண்டு விலகப் பயிற்றும் உளவியல் ஆலோசனை. பெற்றோரையும் உடன் அமர்த்தும் குடும்ப ஆலோசனை. சறுக்கினால் சலிப்பின்றி மீண்டும் சிகிச்சை. 1974-ல் உருவான பெங்களூர் நிம்ஹான்சு, ஜவளகிரிக்குத் தொலைவில் இல்லை. 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் தோன்றிற்று. 14446 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனையும் உண்டு.

2003 முதல் தமிழகத்தில் அரசே சில்லறையாக மது விற்கிறது. கதவடைத்த மாவட்டத்தின் பேரப்பிள்ளைகள் திறந்த கதவின் முன் நிற்கின்றனர். ஆலைச்சங்கு ஒலிக்கும் எல்லையோரத்து இளைஞனே! நண்பன் தடுமாறினால் தூற்றாதே, மறைக்காதே. மருத்துவமனைக்கு அழைத்துச் செல். கயிறு கட்டிய காலம் கழியட்டும். கைகொடுக்கும் காலம் பிறக்கட்டும்!