புதுக் காரின் சாயத்தைக் காக்கும் படலம்

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் கோலாலம்பூருக்குக் காரோட்டுவோருக்குத் தெரியும்: முன்னால் செல்லும் லோரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சிறு கல் போதும், சாயம் பெயர்ந்துவிடும். அதைத் தடுப்பதே பிபிஎஃப் எனப்படும் நிறமற்ற பாலியூரித்தேன் படலம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் விசிறி இறக்கைகளைக் காக்க உருவான இதன் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். தரமான படலத்தில் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறையும். ஆழமான வெட்டு மறையாது.

கார் முழுவதும் ஒட்ட ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகும். கையில் பணம் குறைவென்றால், கல் அதிகம் படும் முன் பம்பர், போனட், பக்கக் கண்ணாடி உறைகளுக்கு மட்டும் ஒட்டலாம். செராமிக் பூச்சு பளபளப்பு தரும், கல்லடியைத் தாங்காது. மறுசாயம் பூசிய பாகம் இருந்தால் கடைக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். படலத்தை உரிக்கும்போது அந்தச் சாயமும் சேர்ந்து உரியக்கூடும்.